குலோங் சுவன் நூற்றாண்டுச் சந்தைக்குப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

பேங்காக் போகும் நண்பர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளையும், முதல் முறை போனபோது நானே கேட்டிருக்க வேண்டிய சில கேள்விகளையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

இந்தச் சந்தை எங்கே இருக்கிறது?

பேங்காக்குக்குக் கிழக்கே, பிரவேத் புரிரோம் என்னும் கால்வாயின் கரையில், சமுத் பிராகான் மாகாணமும் சச்சோங்சாவ் மாகாணமும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் இருக்கிறது. கடைத்தெருவின் ஒரு பகுதி சமுத் பிராகானின் பாங் போ மாவட்டத்தைச் சேர்ந்தது. பாலத்தைக் கடந்து அடுத்த பகுதிக்குள் காலெடுத்து வைத்தால், சச்சோங்சாவின் பான் போ மாவட்டத்துக்கு வந்துவிடுவீர்கள். இந்த இரண்டு பெயர்களும் நம் காதுக்கு ஒன்றுபோலவே விழும் என்பதால், வாடகை வண்டிக்காரரிடம் மாவட்டப் பெயரைச் சொல்லாமல் சந்தையின் பெயரையே சொல்வது நல்லது.

பெயர்களுக்கு என்ன பொருள்?

'குலோங்' என்றால் கால்வாய், 'சுவன்' என்றால் தோட்டம். 'தலாத் ரோய் பீ', அதாவது நூறாண்டுச் சந்தை, என்பது பின்னாளில் சேர்ந்த அடைமொழி. மற்ற பெயர்களைச் சற்று உற்றுக் கேட்டால் நமக்குப் பழகிய சொற்கள் உள்ளே ஒளிந்திருப்பது தெரியும். பிரவேத் புரிரோம் என்பதில் பிரவேசம், புரி, ரம்யம் என்னும் மூன்று வடசொற்கள் இருக்கின்றன. சமுத் பிராகான் என்பது சமுத்திரப் பிராகாரம், அதாவது கடல் மதில். சந்தையின் சச்சோங்சாவ்ப் பகுதி அடங்கிய தேபராத் என்னும் துணை மாவட்டத்தின் பெயர் தேவராஜன் என்பதன் திரிபே. சச்சோங்சாவுக்கு மட்டும் 'பேத் ரியோ' என்று முற்றிலும் நாட்டுப்புறமான இன்னொரு பெயர் உண்டு. எட்டுக் கீற்று என்பது அதன் பொருள். அங்கே பிடிபடும் விரால் மீன் எட்டுக் கீற்றாக அறுத்துக் காயவைக்கும் அளவுக்குப் பெரிதாக இருந்ததாம். விரால் கதையை யாரும் அளந்து பார்க்கவில்லை என்றாலும், ஊர்க்காரர்கள் இன்றும் பேத் ரியோ என்றுதான் அதிகம் சொல்கிறார்கள்.

இது படங்களில் பார்க்கும் மிதக்கும் சந்தைதானா?

இல்லை. ஏமாற்றத்தோடு திரும்புகிறவர்களில் பெரும்பாலோர் இந்த ஒன்றைத் தெரிந்துகொள்ளாமல் போனவர்களே. ராச்சபுரி மாகாணத்தின் தாம்னோன் சதுவாக்கில், படகில் பழத்தைக் குவித்துக்கொண்டு வியாபாரிகள் துடுப்புப் போடுவதைப் பார்க்கலாம். குலோங் சுவனில் கடைகள் கரையில் இருக்கின்றன. நீரோரமாக ஒட்டி ஒட்டிக் கட்டப்பட்ட மரவீடுகள், நடுவே கூரை வேய்ந்த குறுகலான நடைபாதை, நீருக்கு இறங்கும் படித்துறைகள் என்பதுதான் இதன் அமைப்பு. வாங்குகிறவர்களும் சரக்கும் படகில் வந்து இறங்கிய காலத்துத் துறைமுகத் தெரு என்று இதை நினைத்துக்கொண்டு போனால், பார்ப்பதெல்லாம் புரியும். கடைகளின் முகம் ஏன் சாலையை நோக்கியில்லை, படித்துறை ஏன் இவ்வளவு அகலம், காப்பிக்கடை ஏன் நீரோரத்தில் இருக்கிறது என்பவற்றுக்கெல்லாம் விடை படகில்தான் இருக்கிறது.

கால்வாய் இயற்கையானதா, வெட்டப்பட்டதா?

வெட்டப்பட்டது. பேங்காக் பக்கமுள்ள பிரகனோங் கால்வாயைக் கிழக்கே நீட்டி பாங்பகோங் ஆற்றில் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்காக, ஐந்தாம் இராமர் எனப்படும் சூலாலங்கோர்ன் அரசர் காலத்தில், 1878-இல் தொடங்கி 1880-இல் முடித்தார்கள். நீளம் ஏறத்தாழ 46 கிலோமீட்டர். வரைபடத்தில் பார்த்தால் அளவுகோல் வைத்து இழுத்த கோடுபோல இருக்கும்.

1855-இல் பிரிட்டனோடு செய்துகொண்ட பௌரிங் ஒப்பந்தத்துக்குப் பிறகு சயாமின், அதாவது இன்றைய தாய்லாந்தின், அரிசிக்கு வெளிநாட்டுச் சந்தை திறந்துவிட்டது. நகரத்துக்குக் கிழக்கே கிடந்த சதுப்புநிலத்தை வயலாக்கினால் காசாகும் என்ற நிலை வந்தது. கால்வாய் வெட்டினால் மழைநீர் வடியும், வயலுக்குப் பாசனமும் கிடைக்கும், நெல் ஏற்றிய படகும் போகும். நெல் போகும் வழியில் ஆலை வந்தது, ஆலைக்கு எதிரே மளிகைக்கடை வந்தது, அதன் பக்கத்தில் காப்பிக்கடை வந்தது. இக்கரையிலுள்ள பழைய சந்தைகள் பலவற்றின் பிறப்பு இப்படிப்பட்டதுதான்.

ஒரே தெருவில் பௌத்தரும் சீனரும் முஸ்லிம்களும் எப்படி வந்து சேர்ந்தார்கள்?

மூன்று வேறு வழிகளில் வந்தார்கள். தாய் பௌத்தர்கள் வயலோடு வந்த உழவர்கள். சீனர்களில் பெரும்பாலோர் தென்சீனக் கடற்கரையின் தியோச்சூ பகுதியிலிருந்து கப்பலேறிய குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். கூலிக்கு மண் வெட்டவும் மூட்டை தூக்கவும் வந்தவர்களின் அடுத்த தலைமுறை, நெல் ஆலைக்கும் மளிகைக்கும் உரிமையாளர்களாக உட்கார்ந்தது.

முஸ்லிம்களின் வருகை அவ்வளவு இனிய கதை அல்ல. தெற்கே இருந்த பட்டாணி என்னும் மலாய் அரசோடு சயாம் நடத்திய போர்களுக்குப் பிறகு, மலாய் முஸ்லிம் குடும்பங்களைச் சிறைபிடித்துக் கொண்டுவந்து பேங்காக்குக்குக் கிழக்கே குடியமர்த்தினார்கள். வடக்கே இதற்கு இணையாக ஓடும் சேன் சேப் கால்வாய், கிழக்கே நடந்த போருக்குப் படை அனுப்புவதற்காக 1837 முதல் 1840 வரை வெட்டப்பட்டது. அந்த வேலையில் இவர்களுடைய உழைப்பும் கலந்திருக்கிறது. கால்வாய்க் கரைகளிலேயே நிலம் திருத்தி நெல் விதைத்தார்கள், மீன் பிடித்தார்கள், பள்ளிவாசல் கட்டினார்கள். மின்புரி, நோங் சோக் தொடங்கி சச்சோங்சாவ் வரை கால்வாய் ஓரமெங்கும் இன்று தெரியும் பள்ளிவாசல் கோபுரங்களுக்குப் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது. இன்றைய தலைமுறை வீட்டிலும் தாய்லாந்து மொழியே பேசுகிறது.

மூன்று சமயத்தாரும் கூடி வாழ்வதற்கு அடையாளமாக எதையோ மேடை போட்டுக் காட்டுவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஒரே கரையில் விகாரையும் சீனர் கோயிலும் பள்ளிவாசலும் இருக்கின்றன. யாருடைய அடுப்பில் பன்றிக்கொழுப்பு காய்கிறது, யாருடைய அடுப்பில் காயாது என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கேற்பக் கடை வைத்துக்கொண்டு, அதற்கேற்பப் போய்ச் சாப்பிடுகிறார்கள். நான் பார்த்த ஒற்றுமை இவ்வளவுதான், ஆனால் இது நூறாண்டாக நடக்கிறது.

படகுகள் ஏன் நின்றுபோயின?

சாலை வந்ததால். அதற்கு முன் பேத் ரியோவிலிருந்து தலைநகருக்குப் போகிறவர்களுக்கு இந்தக் கால்வாய்தான் வழி. 'நாய் லோத்' ('நாய்' என்றால் 'திரு') என்று அழைக்கப்பட்ட லோத் சேத்தபுத் என்னும் வணிகர் (1872–1945) வெள்ளைச் சாயம் பூசிய பயணப் படகுகளை விட்டார். பேங்காக்கில் வெள்ளைப் பேருந்துகளை ஓட்டியவரும், பனிக்கட்டி ஆலை நிறுவியவரும் இவரே. அவருடைய படகுகள் பேத் ரியோவிலிருந்து பேங்காக்கின் பிரது நாம் வரை ஓடின. பிரது நாம் என்றால் நீர்க்கதவு என்று பொருள். இன்று துணிக்கடைகளால் நம்மவர்களுக்குப் பழக்கமான அந்தப் பேட்டைக்குக் கால்வாய் மதகிலிருந்து வந்த பெயர் அது. வழியில் படகு குலோங் சுவனில் நிற்கும். பயணிகள் இறங்கிக் காப்பி குடிப்பார்கள், வீட்டுக்குச் சாமான் வாங்குவார்கள். வடக்கே இரயில் பாதை 20-ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டிலேயே போடப்பட்டது என்றாலும், சந்தையை உண்மையில் வாட்டியது பின்னாளில் வந்த கார்ச்சாலையே. சாலைக்குப் போட்டியாக ஒரு புதுக் கடைத்தெரு எழுப்ப இங்கே யாருக்கும் பணம் இருக்கவில்லை. மரவீடுகள் இடிபடாமல் தப்பியதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

எப்படிப் போவது?

சொந்த வண்டியோ வாடகை வண்டியோ இருந்தால் எளிது. சுவர்ணபூமி விமான நிலையத்துக்குக் கிழக்கே, ஓன் நுத் சாலை சச்சோங்சாவை நோக்கிப் போகும் திசையில் சந்தை இருக்கிறது. நகர மையத்திலிருந்து வருகிறவர்கள் விமான நிலைய இரயிலில் லாத் கிரபாங் வரை வந்து அங்கிருந்து வண்டி பிடிக்கலாம். கிழக்குப் பாதையின் சாதாரண இரயில் மலிவானது, ஆனால் சந்தைக்கு வடக்கே சற்றுத் தள்ளிப் போகிறது. நிலையத்தில் இறங்கி வெயிலில் நடந்து வந்துவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

போவதைவிடத் திரும்புவதுதான் சிக்கல். மாலையில் வெறும் வண்டிகள் அந்தப் பக்கம் எளிதில் கிடைப்பதில்லை. கொண்டுவந்து விட்ட ஓட்டுநரிடமே காத்திருப்புக் கூலி பேசி வைத்துக்கொள்வது கையைச் சற்றுக் கடித்தாலும் மன நிம்மதி தரும். சந்தையின் பெயரைத் தாய் எழுத்தில் கைப்பேசியில் சேமித்துக்கொள்ளுங்கள். நம் வாயில் வரும் 'குலோங் சுவன்' அவர்கள் காதில் வேறெதுவாகவோ விழுகிறது.

எந்த நாள், எந்த நேரம்?

சனி, ஞாயிறு முற்பகல். வார நாள்களில் பல கடைகள் பூட்டியிருக்கும். எனினும் கூட்டம் பிடிக்காதவர்களுக்கும் கட்டடங்களைப் பார்க்க வருகிறவர்களுக்கும் வார நாள் காலையே உகந்தது. பிற்பகல் நான்கு மணிக்குப் போய், கதவு சாத்திய கடைகளைப் படமெடுத்துக்கொண்டு திரும்பியவர்களை எனக்குத் தெரியும்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெயில் தணிந்திருக்கும். மார்ச், ஏப்ரலில் தகரக் கூரைக்குக் கீழே புழுக்கம் தாங்காது. மே முதல் அக்டோபர் வரை மழைக்காலம். நடைபாதைக்குக் கூரை இருப்பதால் மழை ஒரு பெரிய தடை இல்லை, பலகை மட்டும் வழுக்கும். சீனப் புத்தாண்டையொட்டி வரும் நாள்களில் பாதிக் கடை மூடியிருக்கவும் வாய்ப்புண்டு, தெருவே சிவப்பாகக் களைகட்டியிருக்கவும் வாய்ப்புண்டு.

கட்டடங்களில் எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் கதவுகளைப் பாருங்கள். கடை முகப்பில் சுவர் இருக்காது. ஒரு முழம் அகலமுள்ள பலகைகளைக் கீலால் கோத்த மடக்குக் கதவு முகப்பு முழுவதையும் அடைத்திருக்கும். காலையில் அதை விசிறிபோல மடக்கி ஓரத்தில் ஒதுக்கினால் கடையும் நடைபாதையும் ஒன்றாகிவிடும். பலகையின் கீழ்ப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள். நூற்றுக்கணக்கான முறை நனைந்து உலர்ந்ததில் மென்மையான பாகம் கரைந்து, மரத்தின் வரிகள் நரம்புபோலப் புடைத்து நிற்கும்.

கீழே வியாபாரம், மேலே குடியிருப்பு. மாடிக்குப் போகும் ஏணிப்படி கடையின் பின்புறத்தில் செங்குத்தாக இருக்கும். சீனக் குடும்பம் என்றால் வீட்டுத் தெய்வத்துக்குச் சிவப்பு நிறச் சிறு கோயில் தரையிலேயே வைக்கப்பட்டிருக்கும். எதிரே ஆரஞ்சுப் பழமும் சிறு கிண்ணங்களில் தேநீரும் படைத்திருப்பார்கள். முஸ்லிம் வீடு என்றால் நிலைக்கு மேலே சட்டமிட்ட அரபு எழுத்து தொங்கும். தாய் பௌத்தர் வீட்டில் அரசரின் படம் இருக்கும். உண்மையில் அரசர் படம் மூன்று வீட்டிலும் இருக்கும்.

நீரில் அடர்ந்து மிதக்கும் ஆகாயத்தாமரையையும் பார்க்காமல் இருக்க முடியாது. தாய்லாந்து மொழியில் அதற்குச் 'சாவகக் கீரை' என்ற பொருளில் பெயர். 1901-இல் ஜாவாவிலிருந்து அலங்காரச் செடியாக அரண்மனைக்குக் கொண்டுவரப்பட்டது, இன்று நாட்டின் கால்வாய்கள் முழுவதையும் அடைத்துக்கொண்டிருக்கிறது.

பழைய காப்பிக்கடைகளைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்களே, அப்படி என்ன இருக்கிறது?

உட்கார்ந்து பார்ப்பதற்கு ஒரு வேலை நடக்கிறது. ஒரு முழ நீளத்துக்குத் தொங்கும் துணிப் பை, காப்பிக் கறை ஏறிக் கறுத்திருக்கும். அதில் தூளைப் போட்டுக் கொதிநீர் ஊற்றி, வடிந்த கசாயத்தை மறுபடி பைக்குள் ஊற்றி, ஒரு குவளையிலிருந்து இன்னொன்றுக்குக் கையுயரத்தில் இழுத்து ஆற்றுவார்கள். கண்ணாடித் தம்ளரின் அடியில் இரண்டு விரற்கடை கெட்டிப்பால் வெள்ளையாகக் காத்திருக்கும், கசாயம் அதன் மேல் கறுப்பாக நிற்கும். கலக்குவது உங்கள் வேலை. பாலில்லாமல் பனிக்கட்டி போட்டுத் தருவதற்கு 'ஓ லியாங்' என்று பெயர். தியோச்சூ மொழியில் 'ஓ' என்றால் கறுப்பு, 'லியாங்' என்றால் குளிர்ச்சி. அதற்கான தூளில் காப்பிக்கொட்டையோடு சோளம், சோயா, எள் போன்றவற்றையும் வறுத்துச் சேர்ப்பது வழக்கம். கும்பகோணம் டிகிரியை எதிர்பார்த்துக் குடிப்பவர்கள் முதல் மடக்கில் முகம் சுளிக்கக்கூடும்.

காப்பியோடு கேட்காமலே சூடான வெறுந்தேநீர் ஒரு குவளை வரும். இனிப்பு நாக்கில் ஒட்டாமலிருக்க அதைக் கடைசியில் குடிக்க வேண்டும். பக்கத்து மேசைப் பெரியவர் அரைவேக்காட்டு முட்டையை மிளகுத்தூள் தூவி உறிஞ்சிக்கொண்டிருப்பார். அரை மணி நேரமாவது அங்கே உட்காருங்கள். சந்தையின் மூன்று சமூகத்தாரையும் ஒரே இடத்தில் பார்க்க இதைவிட வசதியான இடம் இல்லை.

நான் சைவம். ஏதாவது கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். முதல் முறை என்னோடு வந்த நண்பர் 'காய்கறி நூடுல்ஸ்' என்று கையால் காட்டிச் சொன்னார். கீரையும் சோயாக்கட்டியும் மிதக்க அழகாக வந்தது. பாதி குடித்த பிறகுதான், அடுப்பில் கொதிக்கும் அண்டாவுக்குள் பன்றி எலும்பு தெரிந்தது. கடைக்கார அம்மாவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இறைச்சித் துண்டு போடவில்லை, அவ்வளவுதானே கேட்டோம்!

இரண்டு சொற்கள் உதவும். ஒன்று 'ஜே'. சீன பௌத்த வழக்கப்படி இறைச்சி, மீன், முட்டை, பால் மட்டுமன்றி வெங்காயம், பூண்டும் விலக்கிய உணவு இது. மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து இருந்தால் அந்தக் கடையில் ஜே உணவு உண்டு. சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதத்தில், அதாவது செப்டம்பர், அக்டோபர் வாக்கில், தெருவே மஞ்சளாகிவிடும். மற்றொரு சொல் 'மங்சவிரத்'. மாம்சத்தை விலக்கல் என்னும் வடசொல்லே அது. இதில் முட்டையும் பாலும் உண்டு. இவ்வளவு சொன்ன பிறகும் மீன் சாறு, சிப்பிச் சாறு, இறால் விழுது மூன்றையும் தனித்தனியாகக் கேட்டுவிடுங்கள். 'மை சை நாம் பிலா' என்றால் மீன் சாறு சேர்க்க வேண்டாம் என்று பொருள்.

இனிப்புகளில் கவலை குறைவு. தேங்காயும் மாவும் வெல்லமும் பிசைந்து நீப்பா என்னும் பனைவகையின் ஓலைக்குள் வைத்துத் தணலில் சுடும் 'கனோம் ஜாக்' நம்மவர்களுக்குப் பெரும்பாலும் பிடித்துப்போகிறது.

ஹலால் உணவு எளிதில் கிடைக்குமா?

கிடைக்கும். முக்காடிட்ட பெண்கள் நடத்தும் கடைகளில் 'காவ் மோக் காய்' என்னும் மஞ்சள் சோற்றைத் தேடுங்கள். 'மோக்' என்றால் புதைத்தல். கோழியைச் சோற்றுக்குள் புதைத்து வேகவைத்து, மேலே பொரித்த சின்ன வெங்காயம் தூவி, புளிப்பும் காரமுமான பச்சைச் சட்னியோடு தருவார்கள். பிரியாணியின் தூரத்து உறவு என்பது முதல் வாயிலேயே தெரிந்துவிடும். சீனர் கடைகளின் சிறப்பு ஐந்து மசாலா போட்டுக் கொதிக்கவைத்த வாத்து. வாத்துதானே என்று நினைத்துவிட வேண்டாம், அதே அடுப்பில் பன்றியும் வேகும்.

கடைக்காரர்களை எப்படி அழைப்பது?

இதைக் கற்றுக்கொண்டு போங்கள், விலை குறைகிறதோ இல்லையோ முகம் மலரும். நம்மைப் போலவே அவர்களும் முன்பின் தெரியாதவரையும் உறவு சொல்லித்தான் அழைக்கிறார்கள். அந்த உறவுச்சொல் சமூகத்துக்குச் சமூகம் மாறுகிறது. வயதான தாய் ஆண் 'லுங்', பெண் 'பா', அதாவது பெரியப்பா, பெரியம்மா போல. சீனப் பெரியவர் 'பே', நடுத்தர வயதுச் சீனப் பெண் 'ஜே', அக்கா. முஸ்லிம் ஆணை 'பாங்' என்பார்கள், மலாயில் அண்ணனைக் குறிக்கும் 'அபாங்' குறுகி வந்தது. முஸ்லிம் அக்கா 'கா'. ஒரே கடைத்தெருவில் ஆள் பார்த்து அழைப்பை மாற்றுவது ஊர்க்காரர்களுக்கு மூச்சு விடுவதுபோல் இயல்பாக வருகிறது.

ஓர் எச்சரிக்கை. சைவ உணவைக் குறிக்கும் 'ஜே'யும் அக்காவைக் குறிக்கும் 'ஜே'யும் ஏற்ற இறக்கத்தில்தான் வேறுபடும். முன்னது சமனாக, பின்னது குரலை உயர்த்தி. 'நான் ஜே சாப்பிடுவேன்' என்று தவறான சுரத்தில் சொல்லி ஒரு கடையையே சிரிக்க வைத்திருக்கிறேன்.

நம்மைப் பார்த்து 'கேக்' என்று அவர்கள் பேசிக்கொள்வது காதில் விழலாம். விருந்தினர் என்பதே அதன் பொருள். இந்தியர், மலாய்க்காரர், முஸ்லிம்கள் எல்லோருக்கும் பொதுவாக அது நிலைத்துவிட்டது. எல்லோரும் அதை விரும்புவதில்லை என்றாலும், சந்தையில் அது பெரும்பாலும் அடையாளச் சொல்லாகத்தான் புழங்குகிறது.

பணம், பேரம்?

சில்லறையாக பாத் நோட்டுகளை வைத்துக்கொள்ளுங்கள். சிறு கடைகளில் அட்டை செல்லாது. உணவுக்குப் பேரம் கிடையாது. பழைய தகரப் பெட்டி, கண்ணாடிச் சாமான் போன்றவற்றுக்குச் சிரித்துக்கொண்டே கொஞ்சம் கேட்கலாம்.

கோயில், பள்ளிவாசலுக்குள் போகலாமா? படம் எடுக்கலாமா?

தோளும் முழங்காலும் மறைந்த உடையும் கழற்ற எளிதான செருப்பும் இருந்தால் மூன்று இடத்துக்கும் பொருந்தும். பள்ளிவாசலில் அங்கிருப்பவரிடம் கேட்டுவிட்டு நுழையுங்கள், வெள்ளி நண்பகலைத் தவிருங்கள். படத்தைப் பொறுத்தவரை, திறந்திருக்கும் முகப்பு கடையா வீட்டுக் கூடமா என்று முதல் பார்வையில் தெரியாது. உள்ளே ஒரு பாட்டி தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தால் அது வீடு.

சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் வசதியா?

நடைபாதை பெரும்பாலும் சமதளம்தான். பாலங்களில் ஏற்றம் உண்டு, வார இறுதியில் நெரிசலும் உண்டு. நீரோரத்தில் எல்லா இடத்திலும் தடுப்பு இல்லாததால் பிள்ளைகளின் கையை விட வேண்டாம்.

அதே நாளில் வேறு எங்கே போகலாம்?

பேத் ரியோ நகரில், பாங்பகோங் ஆற்றங்கரையில், சோதோன் விகாரை இருக்கிறது. அங்குள்ள புத்தர் சிலை ஆற்றில் மிதந்து வந்தது என்பது நம்பிக்கை. வேண்டுதல் நிறைவேறியவர்கள் தட்டுத் தட்டாக அவித்த முட்டையைப் படைப்பார்கள். பேங்காக் திரும்பும் வழியில் லாத் கிரபாங்கில், இதே கால்வாயின் கரையிலுள்ள ஹுவா தக்கே என்னும் பழைய சந்தையைப் பார்க்கலாம். முதலைத் தலை என்று பொருள். இரண்டையும் ஒரே நாளில் அடைக்காமல், ஒன்றைத் தேர்ந்துகொண்டால் காப்பிக்கடையில் இன்னும் அரை மணி நேரம் மிஞ்சும்.

வீட்டுக்கு என்ன வாங்கி வரலாம்?

சீன முறைப் பருப்புப் பூரணப் பலகாரங்கள் நான்கைந்து நாள் தாங்கும், ஆனால் பன்றிக்கொழுப்பு சேர்ந்ததா என்று கேட்டு வாங்குங்கள். நான் கடைசியாக வாங்கியது ஒரு காப்பித் துணிப்பை. புதிதாக இருக்கையில் பளிச்சென்ற வெள்ளை. முதல் வாரம் காப்பியில் துணி வாசம் அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லித்தான் அந்த 'பே' விற்றார். அடிக்கத்தான் அடித்தது.